செடி கேட்ட தண்ணி

"மாப்ள, இன்னும் பல்லு கூட வெளக்கியிருக்க மாட்டீங்க. அதுக்குள்ள தண்ணி கேக்குதா?"

காலையில் போனை எடுத்ததும் மச்சானின் குரல் இப்படித்தான் வந்து விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"'தண்ணி வேணும், சீக்கிரம்'னு என் தங்கச்சி போனுக்கு நீங்கதானே அனுப்பியிருக்கீங்க?"

"ஐயோ, அது நான் இல்ல மச்சான். செடி."

"செடி மெசேஜ் அனுப்புச்சு."

"ஆமா மச்சான்."

"எவ்வளவு உள்ள போயிருக்கு, மாப்ள?"

ஒரு சொட்டுகூடப் போகவில்லை. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவன் மதுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போகும்போது அவள் பால்கனியில் இருந்த மணி பிளான்ட்டைக் காட்டி, "கோடை முடிஞ்சதும் வந்து பாப்பேன். இது உசுரோட இருந்தா நானும் இங்க இருப்பேன். இல்லன்னா இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குடி அவனுடைய ஞாபகத்தில் பாதியைத் தின்றிருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன், செடிக்கு ஊற்றியதை எங்கே நினைவு வைத்துக்கொள்வது? தன்னை நம்ப அவனுக்கே பயமாக இருந்தது. அதனால் மெஷினை நம்பினான்.

மண்ணில் குத்தி ஈரம் பார்க்க இரண்டு கம்பிகள், சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு, அலமாரியில் கிடந்த பழைய போன். அவன் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, செடிக்குக் காவலா?"

"ஆமா சார். செத்துடக் கூடாது."

"நான் இருக்கறப்போ அது எங்க சாகும்?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அவர் எதற்கும் அப்படித்தான் பேசுவார்.

யாருக்கு அனுப்ப என்று பழைய போன் கேட்டது. 'வீடு' என்று ஒரு எண் இருந்தது. வீட்டில் இருப்பது தான் ஒருவன்தானே, அது தன் எண்ணாகத்தான் இருக்கும் என்று தட்டிவிட்டான். கல்யாணமான புதிதில் மனைவியின் எண்ணைத்தான் 'வீடு' என்று போட்டு வைத்திருந்தோம் என்பது, மச்சான் திட்டிய பிறகுதான் உறைத்தது.

எண்ணை மாற்றப் போனவனுக்குக் கை வரவில்லை. அவன் அழைத்தால் அவள் எடுப்பதே இல்லை. மெஷின் அனுப்புவதையாவது படிக்கிறாளே! தன் எண்ணையும் சேர்த்துக்கொண்டு, வாசகத்தை மட்டும் மாற்றினான்: 'நான் செடி எழுதுகிறேன். வேர் காய்கிறது. ஊற்றவும்.'

மறுநாள் காலையிலும் மச்சான்தான்.

"நேத்து செடி அனுப்புச்சுன்னீங்க. இன்னிக்கு நீங்களே செடியாயிட்டீங்களா?"

கேட்பதை மட்டும் சொன்னால் சந்தேகம்தான் வரும், கொடுத்ததையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அவன் யோசித்தான். மண் நனைந்ததும் 'ஊத்தியாச்சு. ஃபுல்' என்று போகும்படி செய்தான். அது காதில் எப்படி விழும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட, செடிக்கு ஊற்றாமலே ஓடினான். கூண்டின் மேல் நின்று வேலை பார்க்கும்போது போன் அடித்தது. 'ஊத்தியாச்சு. ஃபுல்.'

அவன் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. யார் ஊற்றினார்கள்? ஆளில்லாத வீடு. அப்படியென்றால் மெஷின் பொய் சொல்கிறது. மெஷின் பொய் சொன்னால் செடி போச்சு. செடி போனால்... அதற்கு மேல் நினைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

போன் மறுபடி அடித்தது. "வேலை நேரத்துலயே ஃபுல்லா மாப்ள? நாளைக்கு அவளக் கூட்டிட்டு நேர்லயே வரேன். ஒரு முடிவு பண்ணிடுவோம்."

அன்று சாயங்காலமே பழைய போனைப் பிடுங்கிப் போட்டான். வம்பே வேண்டாம், மெஷின் வாயால் சொல்லட்டும் என்று ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, அதே வாசகங்களைத் தன் குரலிலேயே பதிவு செய்தான். காலையில் பார்த்தால் பேட்டரி வீக். மச்சான் வருவதற்குள் வாங்கி வந்துவிடலாம் என்று கடைக்கு ஓடினான்.

திரும்பி மாடியேறி வந்தபோது, பூட்டிய கதவில் காதை வைத்தபடி மச்சான் நின்றிருந்தார். பக்கத்தில் அவள். உள்ளேயிருந்து அவன் குரல், குழறிக் குழறி வந்துகொண்டிருந்தது.

"ஊ...த்தி...யாச்ச்ச்சு... ஃபுல்ல்ல்லு..."

"கேட்டியாம்மா? நாக்கே புரளல!" என்றார் மச்சான்.

"மச்சான்" என்று பின்னாலிருந்து அவன் கூப்பிட, அவர் துள்ளி விழுந்தார். திரும்பிப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்தார். பற்பசை வாசனைதான் வந்தது.

எல்லோரும் பால்கனிக்குப் போனார்கள். செடி தளதளவென்று பால்கனிக் கம்பி முழுக்கப் படர்ந்திருந்தது. அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல ஈரம்.

"நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள். அவள் அவனிடம் பேசி எத்தனை நாளாயிற்று!

தலையை ஆட்டியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டிய பொய்யையெல்லாம் அவன் குடித்த காலத்திலேயே சொல்லித் தீர்த்திருந்தான்.

"நான் பாத்துக்கல" என்றான். "இன்னிக்கு ஊத்தல. நேத்தும் மறந்துட்டேன். மெஷினும் சரியில்ல. இது எப்படிப் பொழச்சுதுன்னு எனக்கே தெரியல."

மச்சான் கைப்பையைத் தூக்கினார். "அவர் வாயாலயே சொல்லிட்டாரு. கெளம்பும்மா."

அவள் நகரவில்லை. அப்போது பக்கத்து பால்கனிக் கதவு திறந்தது. ஈரம் சொட்டும் நீளக் குழாயோடு கண்டக்டர் வந்து நின்றார். அவள் பதறிப்போய், பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். கண்டக்டர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"வந்துட்டியாம்மா? தம்பி அந்தப் பக்கம் போனதும் தெனமும் இங்கிருந்தே ஊத்திட்டேன். 'அந்தச் செடி செத்துட்டா நான் திரும்பி வர வழியில்லாம போயிடும் சார்'னு அன்னிக்கு அப்படி அழுதுட்டுப் போனியே!"