புறாச் சித்தரின் கால் கட்டைவிரல்

மரக்காணம் உப்பளத்தில் கடவுள் கடை திறந்துவிட்டார். மனிதருக்கு அல்ல, புறாவுக்கு! மனிதருக்கான சாமிகளை எல்லாம் நம் ஜனங்கள் கும்பிட்டு முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. மிச்சமிருந்தது புறா ஒன்றுதான்.

கடையில் உட்கார்ந்திருப்பவர் பெயர் புறாச் சித்தர். பழைய உப்புக் கொட்டகை, காவித் துண்டு, திருநீற்றுத் தட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் பலராமன். போன வருஷம்வரை கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். பறவைக் கால்களோடு பழக்கம் அங்கே ஏற்பட்டதுதான். நொண்டி வந்த புறா இவர் கைபட்டு நடந்துபோவதை எவனோ போனில் படம்பிடித்துப் போட்டான். அவ்வளவுதான்! பிரம்மதேசத்திலிருந்து பைக்கில், பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில், கூண்டும் கையுமாக ஜனம் வந்து குவிந்தது. முட்டி வலிக்கிற மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நேரமில்லாதவன் எல்லாம் புறாவை நெஞ்சோடு அணைத்தபடி விடிகாலையிலேயே வரிசையில் நின்றான்.

சித்தரின் சரக்கு வெற்றிக் கயிறு. மஞ்சள் தடவிய முறுக்கு நூல். புறாப் பந்தயத்தில் ஜெயிக்க அதைப் புறாவின் காலில் இறுக்கிக் கட்டி, தினமும் காலையில் தீர்த்தம் தெளிக்க வேண்டும். தீர்த்தம் என்றால் கங்கையா, காவிரியா? பக்கத்துப் பாத்தியில் மொண்டு பாட்டிலில் அடைத்த உப்புத் தண்ணீர்! உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

சில நாளில் புறா நொண்டும். தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "கண்ணேறுப்பா. எதிரிக் கூண்டுக்காரன் வேலை" என்பார் சித்தர். புறாவின்மேல் துண்டைப் போர்த்துவார். திருநீற்றுத் தட்டில் கையைவிட்டு அள்ளுவார். அந்தக் கை துண்டுக்குள் போகும், வாய் எதையோ முணுமுணுக்கும். துண்டை எடுத்தால் கயிறு தானாக அறுந்து கிடக்கும்! புறா நாலு எட்டு வைக்கும். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடனே அடுத்த காலுக்குப் புதுக் கயிறு. மனுஷன் தொழில் தெரிந்தவர்.

உப்பு லாரி ஓட்டும் சிலம்பரசனுக்கு இந்தக் கயிற்றில் அசைக்க முடியாத நம்பிக்கை. அவனுடைய பந்தயப் புறா ராக்கெட்டுக்கு வலது காலில் கட்டி, அறுத்து, இடது காலிலும் கட்டியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கெட் எழுந்திருக்கவே இல்லை. அதற்குத் தினமும் தீனி போடுபவள் அவன் மனைவி வைஜெயந்தி. அவள் புறாவைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தாள். கயிற்றுக்கு மேலே கால் ஒழுங்காக இருந்தது. கீழே வீங்கி, ஜில்லிட்டு, விரல்கள் கறுக்க ஆரம்பித்திருந்தன. கயிறு சதைக்குள் புதைந்திருந்தது.

"ஏங்க, எதிரி கண்ணு கயித்துக்குக் கீழதான் படுமா? மேல ஏறாதா?"

"சாமி விஷயத்துல வாய வைக்காத. கயித்த கொட்டகைக்கு வெளிய அறுத்தா பொறா செத்துடும்னு சொல்லிட்டாரு!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் சின்னக் கத்திரிக்கோலால் நறுக்கிவிட்டாள். ராக்கெட் சாகவில்லை. சிறகை ஒருமுறை உதறி, தண்ணீர் குடித்தது. சிலம்பரசன்தான் பாதி செத்துவிட்டான். பரிகாரம் கேட்கப் புறாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். இன்னொரு கயிறு ஏறினால் அந்தக் கால் போய்விடும் என்று வைஜெயந்திக்குத் தெரியும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"அபச்சாரம்! ரெண்டு காலுக்கும் கட்டணும்" என்றார் சித்தர்.

"கட்டுங்க சாமி" என்றாள் வைஜெயந்தி. "ஒரு சந்தேகம். காலை இறுக்குறது கயிறா, எதிரியா?"

"எதிரிதாம்மா. என் கயிறு பூ மாதிரி."

"உங்களுக்குத்தான் எதிரியே கிடையாதே. உங்க கால் கட்டைவிரல்ல ஒன்னு கட்டிக்கிட்டு, தீர்த்தத்துல காலை வைங்க. மதியம் வரைக்கும் பூ மாதிரி இருந்தா, என் பொறாவுக்கு றெக்கையிலகூட கட்டுங்க."

சித்தர் இருமினார். அவரைக் காப்பாற்ற ஆளில்லை. பக்தர்களே கெடுத்தார்கள். "கட்டிக்கோங்க சாமி! உங்க மகிமைய உலகம் பாக்கட்டும்!" என்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பிரம்மதேசத்து அர்ச்சுனன் முன்னால் வந்து, புறாவுக்குக் கட்டுகிற அதே பக்தியோடு, இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டான். கால், தீர்த்தம் நிரப்பிய பித்தளை அண்டாவுக்குள் போனது.

கொஞ்ச நேரம் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு பல்லைக் கடித்தார்.

"ஏன் சாமி வேர்க்குது?"

"தவம்பா."

தவம் முற்றியது. கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நனைந்த நூல் சுருங்கும் என்று உப்புத் தண்ணீருக்கு யாரும் மந்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யப்பா, அவுருங்கப்பா!"

"அய்யோ, வேணாம் சாமி!" என்று அர்ச்சுனன் பதறிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டான். "அவுத்தா செத்துடும்னு நீங்கதான சொன்னீங்க! கண்ணேறு சாமி! மந்திரம் சொல்லுங்க, தானா அறுந்துடும்!"

"மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது, உடுடா என் கால!"

சித்தரின் கை திருநீற்றுத் தட்டுக்குள் பாய்ந்தது. அள்ளிய திருநீற்றோடு வந்தது பாதி சவர பிளேடு. சரக்! கயிறு அறுந்தது, புறாக்களுக்கு அறுந்த அதே அழகோடு.

எல்லோர் கண்ணும் பிளேடின்மேல் போனது. முதலில் கேட்டது அர்ச்சுனன் குரல்தான்: "அடப்பாவி!"

சித்தர் நொண்டிக்கொண்டே உப்பள வரப்பில் ஓடினார். துரத்த ஆளில்லை. எல்லோரும் அவரவர் புறாவின் கயிற்றை அறுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வைஜெயந்தியும் சிலம்பரசனும் ராக்கெட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள். புண்ணைக் கழுவி மருந்து போட்டு, காய்ந்த தரையில் வைத்திருக்கச் சொன்னார். ஒரு நகம் போனது. கால் தப்பியது.

வீடு திரும்பும்போது வைஜெயந்தி கணவனின் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று கொத்தாகக் கயிறுகள்.

"இதெல்லாம் என்னாங்க?"

"அது வேற வைஜெயந்தி. அது லாரிக்கு."

புறாவாவது பாவம், அதற்குக் கையில்லை, கட்டியதை அவிழ்க்க முடியாது. ஐயா, உமக்கு இரண்டு கையும் இருக்கிறதே, மேலே ஒரு தலையும் இருக்கிறதே, உமக்கென்ன கேடு?