ஐந்து கட்டைகளும் ஒரு வேண்டாமும்

ரோசாலியை ஃபெர்னான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. அவர் ரொட்டி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ரோசாலி கொல்லையில் வாழைகளுக்கு நடுவே நின்று ஒரு தாரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தத் தாரை இன்னைக்கு வெட்ட வேண்டாம்."

அவர் ரொட்டியோடு திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒருவருக்கும் சிரமம் கொடுக்காமல். அடக்கமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகுதான் ஃபெர்னானுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அது ஊரில் எல்லாரும் சொல்கிற வேண்டாமா? அல்லது ரோசாலியின் வேண்டாமா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய, ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். 1967.

ஃபெர்னான் காரைக்கால்காரர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோன் சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் தொப்பி. சைகோனை ஒட்டிய தூ டுக்கில் சொந்த வீடு. வீட்டுக்குப் பின்னால் விசாலமான கொல்லை. கொல்லையில் ஐந்து புளியமரக் கட்டைகள். முன்பு இருந்தவர் மரங்களை விறகுக்கு விற்றுவிட்டு, வேரோடு நின்ற அடிக்கட்டைகளை மட்டும் இவர்களுக்கு ஞாபகார்த்தமாக விட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றும் சாப்பாட்டு மேசை அகலம்.

"இதுகளை எடுத்துக் குடுங்க, வாழை வைக்கிறேன்" என்று ரோசாலி ஒன்பது வருடம் கேட்டாள். ஒன்பது வருடமும் ஃபெர்னானுக்கு இடுப்பு வலி. தினமும் சாயங்காலம் பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டாட்டம் ஆடுகிற அதே இடுப்புதான். குனிந்து, நிமிர்ந்து, இரும்புக் குண்டை வீசி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். ஆனால் கட்டை என்ற சொல் காதில் விழுந்தால் மடங்காது.

"கொல்லையில அஞ்சு கட்டை, வீட்டுக்குள்ள ஒரு கட்டை. ஆறுமே அசையறதில்ல" என்பாள் ரோசாலி, அவருடைய உயரத்தைப் பார்த்துக்கொண்டே.

அந்த வருடம் ஜூன் மாதம், அவர்கள் வழக்கமாக ஆடும் திடலில் யாரோ கொட்டகை போட்டுவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இதே பேச்சு. அங்கேதான் ழாக் வாயைத் திறந்தார். ழாக் பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜனாக இருந்த புதுச்சேரிக்காரர். மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஃபெர்னான் வீட்டுல பெரிய கொல்லை இருக்கேய்யா. அங்க ஆடலாமே. என்ன, கட்டை மேல ஏறி ஏறி ஆடணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெர்னான் தொப்பியைச் சரி செய்தார்.

"சார்ஜன், ஜூலை பதினாலு, நம்ம பிரெஞ்சுத் திருநாள். அன்னைக்கு ஆட்டம் என் கொல்லையிலதான். என் சொந்த மைதானத்துல."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா என் மூணு குண்டும் உனக்கு."

அந்த மூன்று குண்டுகள் பிரான்சின் மார்செய்யிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் 'எஃப்' என்று அவர் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். தேக்குப் பெட்டியில், பச்சைத் துணி தைத்த மூன்று குழிகளில் தூங்கும். ரோசாலியின் தாலிச் சங்கிலியைவிட அந்தப் பெட்டிக்குத்தான் வீட்டில் பூட்டு பெரிது.

"மூணும்?"

"மூணும். ஒண்ணு குறையாம."

ரோசாலி பக்கத்தில்தான் நின்றாள். செவ்வாய்க்கிழமை, சோறு போடும்போதுதான் பேசினாள்.

"நத்தர்ஷா நானாகிட்ட ஏதோ கட்டை அரைக்கிற மிஷின் இருக்காம். அவர் சம்சாரம் நூர் நிஷா லாத்தா சொன்னாங்க. டிராக்டருக்குப் பின்னால மாட்டுவாங்களாம். நமக்கு அதெல்லாம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உங்களுக்கு ஓட்ட வராது."

"எனக்கா?"

"புத்தகம் இங்கிலீசுல இருக்காம். உங்களுக்குப் பிரெஞ்சுதானே தெரியும்."

"எனக்கா தெரியாது?"

"அதுக்கு இருபத்திரண்டு பல்லு இருக்காம்."

"இருந்தா?"

"உங்களைவிட எட்டு ஜாஸ்தி. வேண்டாங்க."

சோறு பாதியில் நின்றது. ஃபெர்னான் கை கழுவிவிட்டு நேராக நத்தர்ஷா வீட்டுக்குப் போனார்.

நத்தர்ஷாவும் காரைக்கால்தான். சைகோனின் பென் தான் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவர், துணியை விட்டு இரும்பைப் பிடித்தார். சாலை போட வந்த ஒரு குத்தகைக்காரர் ஊரைக் காலி செய்தபோது விட்டுப் போன டிராக்டரையும் மிஷினையும் வாங்கி வைத்திருந்தார். "எடுத்துட்டுப் போங்க முசே! சும்மா நின்னு துருப்பிடிக்குது" என்று உடனே ஒப்புக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லையே என்று ஃபெர்னானுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

நான்கு நாள் அகராதியும் கையுமாகப் புத்தகத்தைப் படித்தார். பள்ளிக்கூடத்தில் படிக்காத இங்கிலீஷை ஒரு மிஷினுக்காகப் படித்த மனிதர் தூ டுக்கில் அவர் ஒருவர்தான். ஐந்தாம் நாள் டிராக்டர் வந்தது. ஃபெர்னான் ஏறி உட்கார்ந்தார். நத்தர்ஷா தரையில் நின்று வழி சொன்னார்.

"பின்னாடி வாங்க முசே... இன்னும்... இன்னும்... நில்லுங்க! நில்லுங்க!"

"கட்டை வந்துருச்சா?"

"கோழிக்கூண்டு வந்துருச்சு!"

"அதை வேற பக்கம் வைக்கணும்னு நானும் நினைச்சேன்" என்றார் ஃபெர்னான் கௌரவமாக. கோழிகள் அன்றிலிருந்து வேற பக்கம்தான்.

மாட்டும் வேலையை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை. டிராக்டரின் பின்னால் நீண்டிருந்த இரும்புக் கீழ்க்கைகள் இரண்டையும் மிஷினின் இருபுறமும் கோத்தார். மேல்கையைத் திருகித் திருகி மிஷினை மட்டமாக நிறுத்தினார். டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டோடு மிஷினின் தண்டைச் செருகி, 'டக்' என்று பூட்டு விழும் வரை தள்ளினார். அந்த 'டக்'கைக் கேட்டு அவர் முகத்தில் வந்த வெளிச்சம், கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்று ரோசாலி பின்னாளில் சொன்னாள்.

ஒரு சிக்கல். கீழ்க்கையின் ஆணி கழன்று விழாமல் தடுக்கிற கம்பி ஊசியைக் காணோம்.

"போச்சு. அது இல்லாம ஓட்டக் கூடாது" என்றார் நத்தர்ஷா.

ரோசாலி கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்க மாட்டீங்க. இந்தாங்க."

கச்சிதமாகப் பொருந்தியது. வேண்டாம் என்கிறவள் எதற்கு ஊசி கொடுக்கிறாள் என்று ஃபெர்னான் யோசித்திருக்கலாம். ஜெயிக்கப் போகிறவர்கள் யோசிப்பதில்லை.

"கல்லு பட்டா பல்லு போயிடும்னு புத்தகத்துல போட்டிருக்கு. ரோசாலி, கட்டையைச் சுத்தி இருக்கற கல்லையெல்லாம் பொறுக்கு. அப்புறம் இருபது கஜம் தள்ளிப் போய் நில்லு."

ரோசாலி பொறுக்கினாள். பொறுக்கிய கல்லை வேலியோரம் வரிசையாக, பாத்தி கட்டுவதுபோல அடுக்கினாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

மிஷின் உறுமியது. பக்கத்து வீட்டு நாய் மூன்று தெரு தள்ளிப் போய்க் குரைத்தது. ஃபெர்னான் மிஷினின் பல் சக்கரத்தைக் கட்டை மேல் மெதுவாக இறக்கினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் ஆழம்தான். பேராசைப்பட்டால் மிஷின் திணறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் எதையும் தின்னும். புளியமரம் பொடிப் பொடியாகப் பறந்தது. நாற்பது நிமிடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இல்லாமல் போனது.

"அல்லா! முசே, மாஷினிஸ்ட்தான் நீங்க!" என்றார் நத்தர்ஷா. முகத்தில் இருந்த மரத்தூளை ஃபெர்னான் துடைக்கவில்லை. மெடலை யாராவது துடைப்பார்களா?

நான்கு கட்டை முடிந்து ஐந்தாவதுக்கு வந்தபோது, இருபது கஜத்துக்கு அப்பாலிருந்து ரோசாலி கத்தினாள்.

"மேலாக்க எடுத்தா போதுங்க! ஆழமா வேண்டாம்!"

ஃபெர்னான் ஒரு முழம் கீழே போனார். பிறகு நியாயத்துக்காக, மற்ற நான்கிலும் திரும்பப் போய் ஒரு முழம் ஆழமாக்கினார்.

மரத்தூளும் மண்ணுமாகக் குழிகளை நிரப்பி, பலகை கட்டி இழுத்து, கொல்லையைப் படுக்கை விரிப்பு மாதிரி மட்டமாக்கினார். சுண்ணாம்பில் கோடு போட்டார். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். அரண்மனைக்காரர்களுக்கும் இவ்வளவு பெருமை இருந்திருக்காது.

ஜூலை பத்து முதல் மழை. பதினாலாம் தேதி காலை விட்டது. ழாக் மெடல்களைக் குத்திக்கொண்டு மூன்று பேரோடு வந்தார். மட்டமான மைதானத்தைப் பார்த்து அவர் மீசையே ஒரு கணம் தொங்கியது.

"முதல் வீச்சு என்னோடது" என்றார் ஃபெர்னான். உயரமாக, அழகாக வீசினார். குண்டு வானத்தில் மின்னி, வளைந்து, இறங்கியது.

பொத்.

உருளவில்லை. நிற்கவில்லை. இல்லை. சரியாக ஐந்தாவது கட்டை இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மூடிக்கொண்டது.

ழாக் கையை விட்டார். முழங்கை வரை போனது. நனைந்த மரத்தூள்தான் வந்தது. பெத்தாங்க் ஆடக் கட்டாந்தரை வேண்டும். ஃபெர்னான் செய்து வைத்திருந்தது அவல் புட்டு.

அந்த நேரம் பார்த்து, வேலிக்கு அப்பாலிருந்து நத்தர்ஷாவின் மனைவி நூர் நிஷா எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரோசாலி, நான் சொன்ன மாதிரியே மண்ணு பஞ்சாட்டம் ஆயிடுச்சா? இந்த மிஷினை ஓட்டின என் கொல்லையில வச்ச பூசணி ஒண்ணொண்ணும் பானை அளவு!"

ஃபெர்னான் மெல்லத் திரும்பினார். ரோசாலி ஈரச் சாக்கில் ஐந்து வாழைக் கன்றுகளோடு நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாளே வாங்கி வைத்தவை.

"அடிப்பாவி" என்றார்.

"நான் வேண்டாம்னுதானேங்க சொன்னேன்."

ழாக் குறுக்கே வந்தார். "அது உங்க குடும்ப விஷயம். மைதானம் இல்ல. எடு ஃபெர்னான், குண்டை."

ஃபெர்னானின் முகம் செத்துவிட்டது. பெட்டியைத் தூக்கக் கை வரவில்லை. அதை ரோசாலி பார்த்தாள். பார்த்த மறு நொடி, குண்டு போன இடத்தில் குனிந்து, ஒரு கன்றை வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள்.

"சார்ஜன், கோயில் வாசல்ல என்ன பேச்சு?"

"மூணு குண்டு."

"ஒண்ணு குறையாம?"

"ஒண்ணு குறையாம."

"இங்க ரெண்டுதான் இருக்கு. குறையுதே. உங்க பேச்சை நீங்களே மீறலாமா? மூணாவது கிடைக்கட்டும், சேர்த்து எடுத்துக்கங்க."

"தோண்டினா கிடைக்கும்!"

"வாழை வச்சாச்சே. தார் போட்டு, தாரை வெட்டி, மரம் சாயட்டும். அப்புறம் தாராளமா தோண்டுங்க. முழிச்சுக்கிட்டு நிக்காம உள்ள வாங்க, கோழிக் குழம்பு ஆறுது."

சார்ஜன் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் அவருக்கு வாழையைப் பற்றித் தெரியாது. ஒரு மரம் தார் போடுவதற்குள் அதன் காலடியில் மூன்று கன்று நிற்கும். ஒவ்வொரு ஜூலை பதினாலும் வந்து, மரத்தைப் பார்த்து, ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு திரும்புவார். தூ டுக்கிலேயே அப்படிக் கொழுத்த வாழை எங்கும் இல்லை. "மண்ணு யார் வெட்டினது தெரியுமா?" என்று ஃபெர்னான் ஒவ்வொரு வருடமும் கேட்பார். "இவர்தான். ஒரு முழம் ஆழம்" என்று ரோசாலி ஒவ்வொரு வருடமும் சொல்வாள், பெருமையாக. அது மட்டும் நடிப்பு இல்லை.

அந்தக் கடைசித் தாரை அவர் வெட்டவில்லை. முடிவு செய்ய முடியாமல் நின்று நின்று பார்த்ததில் அது மரத்திலேயே பழுத்தது. பாதியை அணில் தின்றது, மீதியை ழாக் தின்றார்.

தேக்குப் பெட்டி இன்னும் ஃபெர்னானிடம் இருக்கிறது. மூன்று குழிகள். இரண்டு குண்டுகள்.