பால் திரிந்தால் செய்வினை

நாள் முழுக்கக் குனிந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினால் இடுப்பு வலிக்கும். வலிக்காவிட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிளியம்மாளுக்கு வலித்தது. ஐம்பது வயது, முப்பத்தைந்து வருடக் கூலி வேலை. வலிக்க எல்லா உரிமையும் உள்ள இடுப்பு. ஆனால் அவள் அதைச் செய்வினை என்று நம்பினாள். நம்ப வைத்தவர் கற்பகப்பால் சித்தர்.

2014-இல் திண்டிவனம் பைபாஸ் ஓரம் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார் சித்தர். வாசலில் போர்டு: ‘மாட்டுப்பால் பாவம். மரப்பால் புண்ணியம். கற்பகப்பால் காபி முப்பது ரூபாய்.’ பனமலை மேல் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மரம் இருக்கிறதாம். அவருக்கு மட்டும் பால் சுரக்கிறதாம். மலைக்குப் போய் வந்தவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தார்கள். அங்கே அப்படி ஒரு மரம் இல்லை என்று சொல்ல ஒருவர் வாயையும் காணோம்.

சென்னையிலிருந்து கார்கள் வந்தன. பாதாம் பாலிலும் சோயாப் பாலிலும் காபி குடித்துப் பழகிய கூட்டம். “செம நேச்சுரல்!” என்று டம்ளரோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனது. காரே நிற்கிறதே என்று சைக்கிளும் நின்றது. சைக்கிளே நிற்கிறதே என்று கூலி முடித்து வந்த கால்களும் நின்றன.

காபி வெறும் வாசல்தான். வியாபாரம் உள்ளே. சித்தர் எதிரே இரண்டு கூஜா. ஒன்று செம்பு, ஒன்று பித்தளை. இரண்டிலும் டிக்காஷன். முதலில் செம்புக் கூஜாவிலிருந்து ஊற்றி, மேலே கற்பகப்பாலை விடுவார். பால் திரிந்தால் வீட்டில் செய்வினை. பரிகாரம் முடிந்தபின் பித்தளைக் கூஜாவிலிருந்து ஊற்றுவார். திரியாது. செய்வினை போயிற்று! வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வீட்டில் செய்வினை இருந்தது. இத்தனை வீட்டுக்கும் ஓயாமல் செய்வினை வைத்தவன் எவனோ, அவன் இடுப்பு என்ன பாடு பட்டிருக்கும்!

கிளியம்மாளின் டம்ளரும் திரிந்தது.

“உன் வீட்டுக்குப் புதிதாக வந்தது எது தாயே?”

அந்த வருடம் வந்தவை மூன்று. ஒரு வெள்ளாடு, ஒரு மிக்ஸி, மகன் தேவாவின் பெண்டாட்டி செந்தாமரை. ஆடு சினையாக இருந்தது. மிக்ஸிக்கு வாரண்டி இருந்தது. மிச்சம் மருமகள்.

“மூன்று வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டி வா. மூன்று தடவையும் பால் திரிந்தால் வந்த வழியே அனுப்பிவிடு. அதற்குள் காதில் கிடக்கும் கம்மலைக் காணிக்கையாக வைத்தால் பால் மனம் இரங்கலாம்.”

கம்மல் அம்மா போட்டது, தர மாட்டேன் என்றாள் செந்தாமரை. பால் இரங்கவில்லை. இரண்டு வெள்ளியும் திரிந்தது. சென்னையில் கொத்து வேலையில் இருந்த தேவா போனில் தீர்ப்புச் சொன்னான்: “அம்மா சொல்றபடி கேளு.”

மூன்றாம் வெள்ளி, மாமியார் முன்னே நடக்க, துணிப்பையோடு பின்னே போனாள் செந்தாமரை. வழியில் சவுரியம்மாள் பிடித்துக்கொண்டாள். மல்லாட்டை மண்டியில் இவளோடு உட்கார்ந்து பருப்பு பொறுக்குகிறவள்.

“இன்னாடி, பையும் கையுமா?”

“இன்னைக்கும் பால் திரிஞ்சா அப்படியே அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிக்கணுமாம்க்கா.”

“அது இன்னாடி பேஜாரு! இரு, நானும் வர்றேன்.”

கொட்டகையில் சவுரியம்மாள் உள்ளங்கையில் கொஞ்சம் பால் வாங்கினாள். நக்கினாள்.

“சாமி, இது மல்லாட்டைப் பாலு.”

கூட்டம் அதிர்ந்தது. அதிராதா? அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் மல்லாட்டை விதைத்தவர்கள், பிடுங்கியவர்கள், மூட்டை தூக்கியவர்கள். நகக்கண்ணில் மல்லாட்டைக் காட்டு மண்ணோடு வந்து, முப்பது ரூபாய் கொடுத்து மல்லாட்டையைக் குடித்துவிட்டு, “இன்னா ஒரு தெய்வ வாசனை!” என்று உருகியவர்கள்.

ஒரு முண்டாசுக்காரர் பாய்ந்தார். “நீ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. எங்க சாமி பாலப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

“எங்க வேதத்துல காபியே இல்லண்ணே. ஆனா நான் பொறுக்கிப் போடற உடைசல் பருப்பு வாரம் ரெண்டு மூட்டை இந்தக் கொட்டாய்க்குத்தான் வருதுன்னு தெரியும். மல்லாட்டை இன்னா மரத்துலயா காய்க்குது? மண்ணுக்குள்ள இல்ல?”

சித்தர் கண்ணை மூடினார். “பால் எதுவானால் என்ன? திரிய வைப்பது தெய்வம்.”

“அப்ப சரி. செம்புக் கூஜாவுல நீங்க குடிங்க. பித்தளைக் கூஜாவுல இவ குடிக்கட்டும். யாருக்குத் திரியுதுன்னு பாத்துடலாம்.”

“செம்பு பக்தர்களுக்கு மட்டும்...”

அவர் முடிப்பதற்குள் சவுரியம்மாள் செம்புக் கூஜாவிலிருந்து சித்தரின் டம்ளரிலும், பித்தளைக் கூஜாவிலிருந்து செந்தாமரையின் டம்ளரிலும் டிக்காஷனை ஊற்றிவிட்டாள். ஒரே பால் பாத்திரத்திலிருந்து இரண்டுக்கும் பாலை விட்டாள். செந்தாமரையின் காபி அப்படியே நின்றது. சித்தரின் காபி திப்பிதிப்பியாகத் திரிந்தது.

“ஐயய்யோ! சாமி, உங்களுக்கு எவன் செய்வினை வெச்சான்?”

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் கொட்டகையே சிரித்தது. முண்டாசுக்காரர் செம்புக் கூஜாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். “த்தூ! எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி வெச்சிக்கினு இருக்கான்யா!”

சித்தரின் சொந்தப் பெயர் வெங்கடாசலம். சென்னையில் ஒரு காபிக் கடையில் கோப்பை கழுவியவர். புளிப்புக் காபியில் சோயாப் பால் திரிவதை அங்கேதான் பார்த்திருக்கிறார். கடைக்காரர் வேறு பாலுக்கு மாறினார். இவர் வேறு தொழிலுக்கு மாறினார். எல்லாவற்றையும், பிடித்துக்கொண்டு போன போலீஸிடம் அவரே சொன்னார்.

கூட்டம் வெட்கப்பட்டதா? “இவன் டுபாக்கூர். செஞ்சி பக்கம் ஒருத்தர் தேங்காப்பால்ல பாக்கறாராம், அவரு நிஜமாம்” என்று பேசிக்கொண்டே கலைந்தது.

கிளியம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். “வா, போலாம். ஆடு கத்திக்கினு இருக்கும்.” அவ்வளவுதான்.

புளிப்பு பட்டால் பால் திரியும் என்பது கிளியம்மாளுக்குத் தெரியாததா? ஆயிரம் தடவை பாலைத் திரியவிட்டுத் திட்டு வாங்கியவள். தெரியும். ஆனால் யோசிக்கிற வேலையை ஒரு கூஜாவிடம் ஒப்படைத்துவிட்டாள். வயிற்றுக்காக உடம்பைக் கூலிக்கு விடுகிறோம், சரி. மூளையை ஏனய்யா ஓசியில் கொடுக்க வேண்டும்?

செந்தாமரை அதே வீட்டில்தான் இருக்கிறாள். “தப்பு என்னுதுதான்” என்று கிளியம்மாள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தேவாவும் சொல்லவில்லை. அந்த மன்னிப்பு இன்னும் பாக்கி.