இரண்டரை வோல்ட்டுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

ஒரு காரியம் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டால் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. நான் பயப்படுகிற கட்சி. பாப்பா அசந்து தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அந்த விரல் பட்டே அவள் எழுந்துவிடுவாள். பிறகு ஏன் எழுந்தாள் என்று கவலைப்படுவேன்.

பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆனபோது, சென்னையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு சலுகை கொடுத்தார்கள். எங்கள் கிராமம் மானாம்பதியில், வீட்டிலிருந்தே ஒரு சர்க்யூட் போர்டைச் சோதித்துக் கொடுக்க வேண்டும். பத்து நாளில் சரியாக முடித்தால் தொடர்ந்து வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் மறுவாரமே ஆபீசுக்கு வரவேண்டும். அதாவது விடிகாலை பஸ், ராத்திரி பஸ், நடுவில் பால் குடிக்கிற பிள்ளை இல்லாத ஒரு நாள்.

போர்டில் இருந்தது எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிற சிப். அதற்கு அளவுகோலாகப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிப் உண்டு. ரெஃபரன்ஸ் என்போம். அதன் ஒரே வேலை, இரண்டரை வோல்ட்டைக் கூடாமல் குறையாமல் கொடுத்துக்கொண்டே இருப்பது. அது நகர்ந்தால் எல்லாக் கணக்கும் நகரும். ரப்பரில் செய்த ஸ்கேலை வைத்து ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த கதைதான்.

முதல் நாள் மீட்டரை வைத்தேன். 2.5000. ஒரு மணி நேரம் கழித்தும் அதுவே. மேனேஜர் போனில், "சூப்பர் மேடம், இவ்ளோ ஸ்டெடியா நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

அப்போதுதான் பாப்பா கன்னத்தில் பொட்டு வைத்து முடித்திருந்தேன். விரலில் மை மிச்சம் இருந்தது. (வீட்டில் செய்த மை. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்தது.) யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த ரெஃபரன்ஸ் சிப்பின் ஓரமாக ஒரு பொட்டு வைத்தேன். சின்னதாகத்தான். ஆனால் சிப்பே அரிசி அளவு, என் விரல் முருங்கைக்காய் அளவு.

மறுநாள் காலை 2.4991.

வழக்கம்போல, மேனேஜரின் கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். இருந்தாலும் படித்தவள் இல்லையா, முறைப்படி தேடினேன். கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று பேட்டரியில் ஓட்டினேன். ஃபேன் காற்றால் சிப் குளிர்கிறதோ என்று ஃபேனை நிறுத்தினேன். புழுக்கத்தில் பாப்பா அழுதாள்.

"இன்னாம்மா இது, கொழந்த வேர்த்து ஊத்திக்கினு கீது, நீ ஃபேன நிறுத்திட்டு அந்தப் பலகைய மொறைச்சிக்கினு கீற" என்றார் அத்தை. என் மாமியார்.

"சிப்புக்குக் காத்துப் படக்கூடாது அத்தை."

"அதுக்கு இன்னா, சளியா?"

கொல்லைப்பக்க மோட்டார்தான் குழப்புகிறது என்று என் வீட்டுக்காரரிடம் கெஞ்சி இரண்டு நாள் அதை ஓடவிடாமல் செய்தேன். நெல்லுக்குத் தண்ணீர் பாயவில்லை. ரீடிங் 2.4978. பயிரும் வாடியது, வோல்ட்டும் வாடியது.

ஆல்கஹால் தொட்டுப் போர்டு முழுவதையும் பிரஷ்ஷால் கழுவினேன். முழுவதையும் என்றால், பொட்டை மட்டும் விட்டுவிட்டு. அது அழியாமல் சுற்றிச் சுற்றித் துடைத்த பக்குவத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அதோடு நின்றேனா என்றால், இல்லை. ரீடிங் இறங்க இறங்க, பொட்டுக்கு வலு போதவில்லை என்று தினமும் அதன்மேல் இன்னொரு பொட்டு வைத்தேன்.

தூக்கம் இல்லாமல் மூளையும் நகர ஆரம்பித்தது. ரீடிங் எழுதிய அதே நோட்டில்தான் பாப்பா கணக்கும் எழுதி வந்தேன். ஏழாம் நாள் மேனேஜர், "காலையில என்ன வந்துச்சு மேடம்?" என்று கேட்டார். நோட்டைப் பார்த்து வாசித்தேன்:

"ஆறு மணிக்கு ஒரு தரம், எட்டு மணிக்கு ஒரு தரம் சார். ரெண்டாவது கொஞ்சம் பச்சையா இருந்தது."

"எந்த எல்இடி மேடம் பச்சை?"

எட்டாம் நாள் வீடியோவில் வந்தார். குரலில் முன்பிருந்த மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. "முடியலன்னா சொல்லிடுங்க, போர்டை எடுத்துக்கினு ஆபீசுக்கே வந்துடுங்க. இங்கயே பார்த்துக்கலாம்" என்றார். நான் பஸ்ஸில் ஏறிவிட்டதாகவே தோன்றியது. "கடைசியா ஒருவாட்டி போர்டைக் கேமரா கிட்ட காட்டுங்க" என்றார். காட்டினேன்.

"அது என்ன கறுப்பா? ரெஃபரன்ஸ் கருகிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற அத்தை எட்டிப் பார்த்தார்.

"கருவல சார், மை. ஆனா நான் வைக்கல. நான் கொழந்தைக்கு மட்டுந்தான் வைப்பேன். இத்த உங்க மேடமே டெய்லி வச்சிக்கினு இருந்தாங்க."

அத்தை தெரியாத மாதிரி ஏழு நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்ஜினியர் வேலையில் இதுவும் ஒன்று என்று நினைத்தாராம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "துடைங்க மேடம்" என்றார்.

கரி மின்சாரம் கடத்தும் என்பதைப் பத்தாவது படிக்கிற பிள்ளையும் சொல்லும். அதற்குப் பிறகு நான் நான்கு வருடம் இன்ஜினியரிங் வேறு படித்தவள். எண்ணெய் பரவப் பரவக் கரியும் பரவி, சிப்பின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாலம் போட்டிருந்தது. பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய வைத்து, மீட்டரை வைத்தேன். 2.5000.

யாரும் பாராட்டவில்லை. எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

வேலை தப்பிப் பிழைத்தது. இன்றும் வீட்டிலிருந்துதான் செய்கிறேன். எங்கள் வீட்டில் எது பழுதானாலும், மிக்ஸியோ டிவிஎஸ் வண்டியோ, என் வீட்டுக்காரர் முதலில் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். "வச்சியா?" என்பார். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட டாக்டர் எதிரில் பார்த்தார்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். போர்டுகளின் முதல் லாட் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய அன்று மேனேஜர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், அந்த மை... பெட்டிக்கு வெளிப்பக்கம் வச்சா கரண்ட் லீக்கேஜ் வராது இல்ல?" என்றார். வராது என்று ஒரு இன்ஜினியராக உறுதி சொன்னேன். அன்றிலிருந்து ஆபீசிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியின் கீழ் மூலையிலும் மேனேஜர் கையால் ஒரு பொட்டு. ஒரு புகாரும் இல்லை.

போன வாரம் வரை. வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. இந்த முறை வந்ததில் இரண்டு பெட்டிகளில் தரச் சோதனைக்கான அந்தக் கறுப்பு முத்திரை இல்லையாம். சோதிக்காமல் அனுப்பிவிட்டீர்களா, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் அதை எனக்கு அனுப்பி, மேலே ஒரே வரி எழுதியிருக்கிறார்: "நீங்களே பதில் சொல்லுங்க."

ஐந்து நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும், வேலையும் போகலாம். சோதனை முத்திரை என்றே சொல்லிவிட்டால், அடுத்த வருடம் அதன் தர அளவு என்ன, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். படிக்கிற நீங்களாவது சொல்லுங்கள், நான் என்ன எழுதட்டும்? திங்கட்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.