வேல்டா வீட்டு மெஷின் நிற்கும் இடம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய இர்மா அக்காவுக்கு, தங்கை மார்லீன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சுகம். என் வீட்டுக்காரர் லாம்பர்ட் என்னைவிடச் சுகம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவ்விடம் அத்தானும் உன் முழங்காலும் புதுப் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நீ பள்ளிக்கூடம் முடித்தவள், நான் எட்டாவதோடு கோழிப்பண்ணைக்குப் போனவள். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் திருத்தாதே, அது முழுக்க நடந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு வேல்டாவை உனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பிளம் ஜாம் கொடுத்தாளே, அந்த விதவை. அவளிடம் ஒரு புல் வெட்டும் மெஷின் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கயிற்றை இழுப்பாள், ஒரே இழுப்பில் கிளம்பும். வாசல் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வருவாள். சரியாக எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, வேலி ஓரமாக வந்ததும் மெஷினுக்குச் சத்தம் தேயும், இருமும், நின்றுவிடும். ஒரு வாரம் நின்றால் மெஷின் கோளாறு. ஏப்ரல் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே இடத்தில், அதே ஜன்னலுக்கு எதிரே நின்றால் அது யார் கோளாறு, நீயே சொல்லு. நம்ம ஆள் அந்த ஜன்னல்கிட்ட காபிக் கோப்பையோட முன்கூட்டியே உட்கார்ந்திருப்பார்.

ஜனவரியில சோளக் கிடங்கு வேலை முடிஞ்சு ரிட்டயர் ஆனதிலிருந்து இவரு வீட்டுல ஒரு குழாய் திருகினது கிடையாது. எங்க கதவுக் கீல் மூணு மாசமா கிறீச்சுனு அழுவுது, காதுல விழல. வேல்டா மெஷின் நின்னா மட்டும் தொப்பி எடுத்து மாட்டிக்கிட்டு, கண்ணாடியில ஒரு தடவ பார்த்துக்கிட்டுப் போவார். போனதும் ஒரு சடங்கு. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பார், உள்ள எட்டிப் பார்ப்பார், "ம்ம்" அப்படிம்பார், மூடுவார். கயிற்றை இழுத்தா டர்ருனு கிளம்பிடும். வேல்டா ரெண்டு கையையும் கன்னத்துல வச்சுக்கிட்டு, "லாம்பர்ட், உங்க கையில என்னமோ இருக்கு" அப்படிம்பா. முப்பத்தோரு வருஷம் நான் புடிச்ச கை அக்கா. அதுல மச்சம் ஒண்ணைத் தவிர ஒண்ணுமில்ல. அப்புறம் அவ பின்வாசல் படியில தட்டு வரும், தட்டுல கொலாச்சி பன்னு வரும், நடுவுல ஆப்ரிகாட் பளபளன்னு. இவரு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தின்னுட்டு, மீசையில சர்க்கரையோட வீட்டுக்கு வந்து, "பாவம், தனியா என்ன பண்ணுவா" அப்படிம்பார்.

நான் பொறாமைக்காரி இல்ல, அது உனக்கே தெரியும். நம்ம அம்மா உனக்கு மட்டும் வெல்வெட் கோட்டு தைச்சப்போ நான் ஒரு வார்த்தை சொன்னேனா. அதை முப்பத்தொன்பது வருஷமா நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா சொல்லல. அதே மாதிரி பொறுமையாத்தான் ஒரு நாள் கேட்டேன், "ஏங்க, அந்த மெஷினுக்கு என்ன வியாதி?" "அது கொஞ்சம் நுட்பமான விஷயம் மார்லீன், உனக்குப் புரியாது" அப்படின்னார். சரிதான், புரிஞ்சுக்கிட்டுத்தான் மறுவேலைன்னு முடிவு பண்ணேன். அந்த மெஷின் ஒழுங்கா ஓடினா, இவரு சனிக்கிழமை எங்க போவார்னு பார்ப்போம்.

புதன்கிழமை இவரு முடி வெட்டப் போனார். அதுவும் சனிக்கிழமைக்கு வேண்டித்தான். நான் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வேல்டா வீட்டுக்குப் போய்ட்டேன்.

"என்னடி மார்லீன், ஆளை அனுப்பாம நீயே வந்துட்டே?"

"ஆளுக்கு ஓய்வு குடுத்திருக்கேன். மெஷினை எடு, இன்னிக்கு நான் டாக்டர்."

"உனக்கு என்னடி தெரியும் இதுல?"

"முப்பத்தோரு வருஷமா நின்னு நின்னு ஓடுற ஒண்ணை வீட்டுல வச்சிருக்கேன். எடுடி."

சிரிச்சுக்கிட்டே எடுத்தா. வாசல்லேருந்து வெட்டிக்கிட்டே வந்தா. நான் கைக்கடியாரத்தைப் பார்த்துக்கிட்டே கூட நடந்தேன். சரியா பத்தாவது நிமிஷம், அதே வேலி ஓரம், குரல் தேஞ்சுது, இருமுச்சு, நின்னுச்சு. அவ வேணும்னே நிறுத்துறாளான்னு அவ கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். நிறுத்தல. அப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது. எங்க ஜன்னல் பத்து நிமிஷ தூரத்துல இருக்கு, அவ்வளவுதான். அவ வாசலை விட்டுட்டுப் பின்பக்கமிருந்து ஆரம்பிச்சிருந்தா, இது பாதிரியார் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்னிருக்கும்.

காத்து வடிகட்டியைக் கழட்டினேன், வைக்கோல்போர் மாதிரி புல் அடைச்சிருந்தது, தட்டி மாட்டினேன். கயிற்றை இழுத்தேன், ஒண்ணுமில்ல. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினேன், கறுப்பா கரி புடிச்சிருந்தது, பாவாடையில துடைச்சு மாட்டினேன். இழுத்தேன், கிர்ருன்னு ஒரு முனகல், அவ்வளவுதான், என் தோள்பட்டைதான் கழண்டுச்சு. சரி, போன வருஷத்துப் பழைய பெட்ரோலா இருக்கும், கொட்டிடலாம்னு டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். மெல்லிசாத்தான், ஆனா எனக்குத் தெரியாத சத்தமா அது? நல்லா அடைச்ச வெள்ளரிக்கா ஊறுகாய் பாட்டிலைத் திறந்தா உள்ள காத்து இழுக்குமே, அதே சத்தம். வருஷத்துக்கு எண்பது பாட்டில் அடைக்கிறவ நான். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவுல ஊசித்துளை அளவுக்கு ஒரு ஓட்டை, அதுல மெழுகு. பிளம் ஜாம் கலர் கொஞ்சம் கலந்த மெழுகு.

"வேல்டா, இது என்னடி?"

"அதா, நான்தான் அடைச்சேன். ஜாம் பாட்டிலை மெஷின் நிக்கிற கொட்டகையிலதான் அடுக்கறேன், ஒரே பெட்ரோல் வாடை. பார்த்தா மூடியில ஓட்டை. ஜாம் கெடாம இருக்க பாட்டில் வாயில உருக்கி ஊத்தினது போக மெழுகு மீதி இருந்துச்சு."

"அது மெஷின் மூச்சு விடுற ஓட்டைடி பாவி. உள்ள காத்து போகலேன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்? பத்து நிமிஷம் உறிஞ்சுட்டு மூச்சு முட்டி நிக்குது."

கொண்டை ஊசியை எடுத்துக் குத்தி மெழுகை எடுத்தேன். கயிற்றை இழுத்தேன், கிளம்பிடுச்சு. இவரு கைராசி என்னன்னு அப்பத்தான் விளங்குச்சு. உள்ள எட்டிப் பார்க்கறேன்னு மூடியைத் திறப்பாரே, அதுல காத்து போயிடும். அவ்வளவுதான் நுட்பமான விஷயம். அந்த மனுஷனுக்கே தெரியாது.

வேல்டா கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா, "அப்பாடா. இனிமே மத்தியானத்துக்குள்ள புல்லு முடியும். உன் வீட்டுக்காரர் வந்தா ரெண்டு நிமிஷம் வேலை, ஒரு மணி நேரம் சோளக் கிடங்குல எலி புடிச்ச கதை. தப்பா நினைக்காதே, அந்த எலி ஒவ்வொரு வாரமும் பெரிசாகுது."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்வாரா?" சும்மாதான் கேட்டேன்.

"சொல்வார். உன் கொலாச்சியை விட்டெறிஞ்சா எலி சாகும்னார்."

அந்த நிமிஷமே அவ மேல இருந்த சந்தேகம் போயிடுச்சு அக்கா. அவ கொலாச்சி மேல வந்துடுச்சு.

சனிக்கிழமை வந்துச்சு. இவரு புதுசா வெட்டின தலையோட ஜன்னல்கிட்ட உட்கார்ந்தார். மெஷின் கிளம்புச்சு. வேலி ஓரம் வந்துச்சு. இவரு கோப்பையை வச்சுட்டுத் தொப்பியை எடுத்தார். மெஷின் நிக்காம வேலியைத் தாண்டிப் போச்சு. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு எழுந்து நின்னு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தார். முன்பக்கம் முடிஞ்சுது, பின்பக்கம் முடிஞ்சுது, மெஷின் கொட்டகைக்கே போயிடுச்சு. நான் கோழி உரிச்சுக்கிட்டு சிரிப்பை அடக்கிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா, மனுஷன் முகம் கிடங்குல கடைசி நாள் சாவியைக் குடுத்துட்டு வந்தப்போ இருந்த மாதிரி இருந்துச்சு. "நல்லா ஓடுது போல" அப்படின்னார். மத்தியானம் சாப்பிடல.

ஞாயிறு கோயிலுக்குப் போயிட்டு வந்தும் அதே முகம். எனக்கே மனசு கேக்கல. ஜெயிச்ச மாதிரியே இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன், மெழுகு, ஓட்டை, கொண்டை ஊசி, எல்லாம். கோவிப்பார்னு பார்த்தேன். என் கொண்டை ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அப்போ நின்ன மெஷின் பாதிக்கு மேல இப்படிச் சின்ன விஷயமாத்தான் இருக்குமோ?" அப்படின்னார். எழுந்து போய்க் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். நானும் அவர் முன்னாடி ஒரு தட்டுக் கொலாச்சி வச்சேன். ரெண்டு தின்னார். பல்லு உடையல.

ஆகவே அக்கா, இந்தப் பிரச்சினை சுபமாக முடிந்தது. இனி எங்கள் சனிக்கிழமைகள் எங்களுக்கே சொந்தம். நீ கூப்பிட்டபடி வருகிற சனிக்கிழமை காலை இருவரும் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம், இரண்டு நாள் தங்குவோம். அத்தானுக்கு என் மரியாதையான வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், பூனைக்கு என்ன தர வேண்டுமோ அது. உன் முழங்கால் வலி தீர்ந்து நீ ஆடி ஓடி இருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
பொறாமை என்றால் என்னவென்று அறியாத உன் தங்கை,
மார்லீன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் இல்லாமல் கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. அதுக்குள்ள இவரு மளிகைக் கடைப் பலகையில ஒரு அட்டை ஒட்டிட்டு வந்திருக்கார். "புல் மெஷின் பாதியில் நிற்கிறதா? லாம்பர்ட்டைக் கூப்பிடுங்கள். காசு வேண்டாம், பலகாரம் போதும்." காலையிலேருந்து ஃபோன் ஓயல. முதல் ஃபோன் நூலகத்து டோலரஸ், மெஷின் திக்குதாம், அவ திக்கல. சனிக்கிழமை நாங்க வரல அக்கா, மன்னிச்சுக்கோ. ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்னு நானே சொல்லி, நானே வேலைக்குச் சேர்ந்துட்டேன். இந்த ஊர்ல விதவைங்க பதினோரு பேர், புருஷனைத் துரத்திவிட்டவங்க ரெண்டு பேர், கல்யாணமே வேண்டாம்னு இருக்கிறவ ஒருத்தி. எல்லார் வீட்டிலயும் புல் வளருது.