கசடுத் தூள் கூரையை நாளை இடிப்பது குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே கூரையைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் என் மகளும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் தலைக்கு மேல் இருப்பது பழைய சிமெண்டு.

சிமெண்டுச் சூளைப் புகையால் உலகமே வேகிறது, பாதிச் சிமெண்டைக் குறைத்து இரும்பாலைக் கசடுத் தூளைக் கலந்தால் போதும், என் மாமனார் வீட்டிலேயே கட்டிக் காட்டுகிறேன் என்று உங்கள் அலுவலகத்தில் மார்தட்டிவிட்டு வந்தீர்கள். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த நானும், மாப்பிள்ளை வேலை நிலைக்கட்டுமே என்று தலையாட்டித் தொலைத்தேன். கூடத்துக்குக் கூரை போட்டு இன்றோடு இருபத்தாறு நாள். முதல் வாரம் முழுக்கக் கொத்தனார் தினமும் ஏறி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இன்னும் இறுகவில்லை என்று எழவு வீட்டு முகத்தோடு இறங்கி வந்தார். அடியில் முட்டுக் கொடுத்த கம்பங்களைத் தொடவே கூடாது என்றுவிட்டார். மொத்தம் ஐம்பத்திரண்டு கம்பம். டிவி பார்க்க நானும் உங்கள் அத்தையும் ஆளுக்கொரு சந்தில் கழுத்தை நீட்டுகிறோம். அவளுக்குக் கதாநாயகன் தெரிகிறான், எனக்கு அவன் காது மட்டும். போன வாரம் உங்கள் அப்பா வந்தார், பாவம், வாசலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் குளியலறையில் போய் நின்றார்.

கூரை வேலையில் புகை வருவதையெல்லாம் எழுதுங்கள் என்று படிவம் அனுப்பினீர்களே, ஒளிவுமறைவு இல்லாமல் கொத்தனாரின் பீடி, அத்தை கருகவிட்ட பால் வரைக்கும் எழுதினேன். அதைப் பார்த்து உங்கள் மேலதிகாரி, இதற்குச் சிமெண்டு ஆலையே தேவலை என்றாராமே.

வெள்ளிக்கிழமை அவர் நேரில் வந்து கூரையைச் சோதிக்கிறார். அவர் தலையில் விழுந்தால் உங்கள் வேலையும் போச்சு, என் பேரும் போச்சு. ஆகவே நாளைக் காலை இடிக்கிறோம், பழையபடி முழுச் சிமெண்டில் போடுகிறோம். தோற்றுவிட்டேன் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். "மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதுங்க, ரெண்டு நாள் பொறுங்களேன்" என்று அத்தை அழுகிறாள். என்ன செய்ய, கூரை என்றால் நிற்க வேண்டுமே.

நீங்கள் இருவரும் இடியாத கூரையின் கீழ் நூறு வருஷம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: நேற்றே தபாலில் போட மறந்தது நல்லதாய்ப் போயிற்று. காலை எட்டு மணியிலிருந்து மூன்று ஆள் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்தார்கள். இரண்டு சம்மட்டிக்குப் பிடி முறிந்தது. கூரையில் ஒரு சில்லு பெயரவில்லை. உங்கள் தூள் மெதுவாக இறுகினாலும் கருங்கல்லாக இறுகியிருக்கிறது. கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தூள் எங்கங்க கிடைக்கும்? என் வீட்டுக்கும் போடணும்" என்கிறார். கம்பங்களையெல்லாம் பிரித்துவிட்டோம். அத்தை கூடத்தில் கையை வீசி வீசி நடந்துகொண்டிருக்கிறாள். அந்த மேலதிகாரியைத் தைரியமாக அழைத்து வாருங்கள். மேலே இருப்பதை நீங்கள் படிக்கவில்லை, நான் எழுதவும் இல்லை.