இஞ்சின் பக்கம் உட்கார்ந்த கர்ப்பிணி

படித்தவள் என்ற திமிர் எனக்கு ஒரு காலத்தில் நிறைய இருந்தது. அதைத் திண்டிவனத்தில் இறக்கி வைத்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைத் தாய்ச்செல்களுக்குள் வைரஸ் மூலம் ஒரு மரபணுவை ஏற்ற வேண்டும். அந்தச் செல்கள் பெரும்பாலும் பெருகாமல் தூங்கும். தூங்குபவற்றுக்குள் எங்கள் வைரஸ் நுழையாது. வைரஸ் கலந்த நீரை ஊற்றி ஊற்றிப் பார்த்துச் சலித்துப்போய், வைரஸைச் சுரக்கும் செல்களின் மேலேயே மஜ்ஜையைப் பரப்பி வளர்ப்பது என்று முடிவானது. சென்னையில் எலி மஜ்ஜை தயார். சுரக்கும் செல்களை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. இரண்டு வருட உழைப்பு, ஒரே பாட்டில். (எலியை மட்டுமே தொற்றும் வைரஸ், பயப்படாதீர்கள்.)

உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால் பாட்டிலை வயிற்றில் கட்டி, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டேன். நேர் பஸ்ஸைத் தவறவிட்டு விழுப்புரத்தில் மாறி ஏறியபோது பார்ப்பவர்களுக்கு ஆறு மாதம். மழைக்காற்று சில்லென்று அடித்தது. சூடு போதாது என்று இஞ்சின் பெட்டியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு அங்க குந்தாதம்மா, வெந்துபூடும்," என்றார் கண்டக்டர்.

"சூடு நல்லதுங்க," என்றேன், விஞ்ஞானி தோரணையில்.

மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டையோடு பக்கத்தில் இருந்த அம்மாள், கேட்காமலே என் வயிற்றில் கை வைத்தார். பாட்டிலுக்குள் செல்கள் வளரும் நீர் தளும்பியது.

"நல்லா உதைக்குது," என்றார். கையை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் எனக்கே அது உதைப்பது போலத்தான் இருந்தது.

திண்டிவனம் நெருங்கும்போது அவர் முகம் மாறியது. பஸ் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. வயிற்றில் ஒரு தளும்பலும் இல்லை. (நீர் கசிந்திருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். புடவை நனையவில்லை.)

"போயிடுச்சிம்மா," என்றார் மெதுவாக. மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சென்னையில் நுண்ணோக்கியில் பார்த்தோம். பாட்டிலின் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் எல்லாம் உருண்டு மிதந்தன.

"இஞ்சின் பக்கத்துலயா உட்கார்ந்தே?" பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். எப்போது இறந்தன என்று நுண்ணோக்கி சொல்லாது. எனக்குத் தெரியும்.

மஜ்ஜை வீணானது, என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. இன்றும் திண்டிவனம் வழியாகப் போனால், "அம்மா, அக்கா ஊரு வந்துடுச்சி," என்பாள் என் மகள். காரில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அவளைச் சுமந்துகொண்டு திண்டிவனத்தைக் கடந்த அன்று, அவள் உதைக்கும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் வந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.